வலத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை: கிளிநொச்சியில் நான்கு காலைப் பயிற்சி

கடந்த பங்குனி மாதத்தில் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் வீதம், கிளிநொச்சியில் ஒரு மோட்டார் சைக்கிள் பயிற்சிக்குச் சென்று வந்தேன். வாய்க்கால் கட்டோரத்துக் கிறவல் வீதியிலும் அதற்கு அடுத்துள்ள வெறுங்காணி ஒன்றிலும் அதனை நடத்துபவர், வாகனத் திருத்த வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அவரிடம் விளம்பரப் பலகையும் இல்லை, முகநூல் பக்கமும் இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதனால், அங்கு எல்லோரும் அழைப்பது போல ஐயா என்றே இங்கும் குறிப்பிடுகிறேன். புதிதாக ஓட்டப் பழகுபவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் எடுக்க விரும்புபவர்களுக்கும் இந்தப் பயிற்சி பயன்படாது; அவர்கள் பதிவுசெய்யப்பட்ட சாரதி பயிற்சிப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் வைத்திருந்து நாளாந்தம் வீதியில் ஓடுபவர்களுக்கு, திரும்புவதற்கு முன்னர் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஐயா கற்பிக்கிறார். இதற்கு எட்டு மணித்தியாலமா என்று நானும் கேட்டேன். எட்டு மணித்தியாலமும் தேவைப்பட்டது.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் பயிற்சியின் பெறுமதியைச் சொல்ல முடியாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் எங்கள் ஒழுங்கை வலப்பக்கமாகப் பிரிகிறது. 2023 ஆவணியில் ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். ஒழுங்கைக்கு நூறு மீற்றர் முன்னரே வலப்பக்கச் சிக்னல் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், வீதி வெறுமையாகத் தெரிந்தது, திரும்பினேன். அந்தக் கணத்தில் என்னை முந்திக்கொண்டிருந்த ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிள் எனது முன் சில்லில் மோதியது. அவரது கரியரில் கட்டியிருந்த பால் கானின் மூடி கழன்று, நடுவீதியின் வெள்ளைக் கோட்டையும் மூடிக்கொண்டு பால் பரவியதை, எழும்ப முடியாமல் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலது காறையெலும்பு முறிந்தது. அவருக்கு இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்ததோடு அன்றைய உழைப்பு முழுவதும் வீதியில் போயிற்று.

விசாரித்தவர்கள் எல்லோரும் சிக்னல் போட்டேனா என்றுதான் கேட்டார்கள். போட்டேன் என்று உண்மையாகவே சொல்ல முடிந்ததனால், தவறு முழுவதும் பால்காரருடையது என்று நானும் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இலண்டனில் ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யும் மனைவியின் தம்பி மட்டும் தொலைபேசியில் வேறு விதமாகக் கேட்டார்: “திரும்ப முதல் தலையைத் திருப்பிப் பாத்தனீங்களோ, அத்தான்?” பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டிலிருந்து, புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர் ஒரு கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடிக்காமல் வீதியில் ஏற முடியாது. திரும்புவதற்குச் சற்று முன்னர் தோளுக்கு மேலாகப் பார்க்கும் கடைசிப் பார்வைக்கு அங்குள்ள பயிற்றுநர்கள் உயிர்காப்பான் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். நான் 2011 இல் அனுமதிப்பத்திரம் எடுத்தபோது எனக்குப் பழக்கியவர்கள் பரீட்சைக்காக எட்டுப் போடவும், காலை நிலத்தில் ஊன்றாமல் மெதுவாக ஓடவும், கை காட்டவும் சொல்லித் தந்தார்கள். பின்னால் பார்க்கச் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நான் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பியது எனக்கு நினைவில்லை.

பயிற்சியின் முதல் நாள் எஞ்சினை இயக்கவே விடவில்லை. எனது சைக்கிளைப் பெரிய ஸ்டான்டில் நிறுத்தி, அதில் என்னை ஏறி இருக்கச் செய்து, நேரே முன்னால் பார்த்தபடி வலப்பக்கக் கண்ணாடியை மட்டும் கவனிக்குமாறு ஐயா சொன்னார். பின்னர் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியொன்றை இடுப்பளவில் தூக்கிப் பிடித்தபடி, பின்னாலிருந்து, முந்திச் செல்லும் ஒரு வாகனம் வரக்கூடிய கோட்டில் மெதுவாக நடந்து வந்தார். வாளி கண்ணாடியில் தெரிந்தது, பெருத்தது, ஓரத்துக்கு நகர்ந்தது, பிறகு இல்லாமல் போயிற்று. “போட்டுது” என்றேன். அந்த இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். தொடர்ந்து நடந்தார். வலக் கண்ணின் ஓரத்தில் சிவப்பு நிறம் தட்டுப்பட்டபோது “வந்திட்டுது” என்றேன். அங்கே இன்னொரு கோடு போட்டார். பிறகு தனது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிறுத்தினார். முன் சில்லு முதல் பின் மட்காட் வரை அது அதற்குள் அடங்கியது. நான் கண்ணாடியைப் பார்த்தேன்; வாய்க்காலும் ஒரு மருத மரமும் தெரிந்தன. நாடியைத் தோளுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். கையை நீட்டினால் பிடிக்கக்கூடிய தூரத்தில் அவருடைய ஹான்டில் நின்றது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. பால்காரர் எங்கே வந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு கண்ணாடியைச் சரிசெய்தார். எனது கண்ணாடியின் உள்பக்கப் பாதியில் எனது சட்டைக் கையே தெரிந்துகொண்டிருந்தது. ஸ்பானரால் தண்டை வெளியே திருப்பி, முழங்கையின் ஓரம் மட்டும் தெரியும்படி வைத்தார். வாளி மறையும் இடம் ஏறக்குறைய ஓர் அடி முன்னால் வந்தது. இடைவெளி குறைந்தது, இல்லாமல் போகவில்லை. மோட்டார் சைக்கிள் கண்ணாடிகள் பெரும்பாலும் வெளிப்புறம் குவிந்தவை. பரந்த இடத்தைக் காட்டுவதற்காக அவை எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரியும் வாகனம் தூரத்தில் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கண்ணாடி இரண்டு விதமாக ஏமாற்றுகிறது: பக்கத்தில் இருப்பதைக் காட்டுவதில்லை, பின்னால் இருப்பதைத் தள்ளி வைத்துக் காட்டுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடும் இளைஞர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுடன் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பியும் அப்படித்தான் வந்தார். தலையைத் திருப்பிப் பார்ப்பதென்றால் கண்ணாடி எதற்கு என்று அவர் கேட்டபோது, கண்ணாடி தூரத்துக்கு, கழுத்து கிட்டத்துக்கு என்று ஐயா பதில் சொன்னார். அடுத்த நாள் அவர் இரண்டு கண்ணாடியும் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஓட்டம். சுண்ணாம்பினால் இரண்டு கோடுகள் இழுத்து, ஒரு பாய் அகலத்துக்கு ஒரு பாதை அமைத்திருந்தார். அதற்குள் முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். விசில் சத்தம் கேட்டதும் வலத் தோளுக்கு மேலாகப் பார்த்து, பின்னால் நிற்கும் அவரது பேரன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து. கேட்பதற்கு இலகுவாக இருந்தது. முதல் ஆறு தடவையும் நான் வலப்பக்கக் கோட்டைத் தாண்டிப் போனேன். தலை திரும்பும்போது தோள் திரும்புகிறது, தோள் திரும்பும்போது கை இழுக்கிறது, கை இழுக்கும் பக்கம் சைக்கிள் போகிறது. வீதியில் இதுவே நடந்தால், பின்னால் வாகனம் வருகிறதா என்று பார்க்கப் போனவர் பார்த்த அதே கணத்தில் அந்த வாகனத்துக்கு முன்னால் போய் விழுவார். பின்னால் பார்ப்பது ஆபத்து என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பழகாமல் பார்ப்பவருக்கு அது உண்மையில் ஆபத்துத்தான்.

அதைத் திருத்தும் விதத்தில்தான் ஐயாவின் கைத்திறன் தெரிந்தது. முழங்கைகளைத் தளர விடச் சொன்னார். அக்சிலேற்றரைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அப்படியே பிடிக்கச் சொன்னார். முழங்கால்களால் டாங்கை இலேசாக அணைக்கச் சொன்னார். உடம்பு முன்னால் இருக்க, நாடி மட்டும் தோளைத் தொடப் போவதுபோல் போய் உடனே திரும்பி வர வேண்டும். யார் வருகிறார், என்ன வாகனம், என்ன நிறம் என்று அங்கே தேடக் கூடாது; அந்த இடத்தில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. விரல் எண்ணச் சொல்வதும் அதற்காகத்தானாம்: கண்டதைச் சொல்லத் தேவையான நேரத்துக்கு மேல் கண் அங்கே நிற்கக் கூடாது. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய பதினொரு மீற்றர் போய்விடுகிறோம். அரை வினாடிப் பார்வை என்றாலும் ஐந்தாறு மீற்றர் வீதியைக் காணாமல் ஓடுகிறோம் என்று அர்த்தம். மூன்றாம் நாள் முடிவில் இருபது தடவையில் பதினேழு தடவை கோட்டுக்குள் நின்றேன்.

எப்போது பார்ப்பது என்பதற்கு ஐயா ஒரு முழுக் காலையைச் செலவிட்டார். அது வீணாகவில்லை. முதலில் கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு வேகத்தைக் குறைத்து நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்குவது, எல்லாம் முடிந்து ஹான்டிலைத் திருப்புவதற்குச் சற்று முன்னர் தோளுக்கு மேலாகக் கடைசிப் பார்வை. பலர், பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள்கூட, சிக்னல் போடும்போதே பார்த்துவிட்டு, அந்த நம்பிக்கையில் மூன்று நான்கு வினாடி கழித்துத் திரும்புகிறார்கள். நாம் இருபது கிலோமீற்றர் வேகத்துக்கு இறங்கியிருக்க, பின்னால் ஒரு வான் எழுபதில் வந்தால், அது ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய பதினான்கு மீற்றர் எங்களை நெருங்கும். மூன்று வினாடியில் நாற்பது மீற்றருக்கு மேல். பார்த்தபோது தூரத்தில் தெரிந்தது, திரும்பும்போது பக்கத்தில் நிற்கும். சிக்னல் விளக்கை மட்டும் நம்பவும் முடியாது. திரும்பிய பிறகு தானாக அணையும் வசதி பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இல்லாததனால், அணைக்க மறந்து மைல்கணக்கில் மினுக்கிக்கொண்டு போகிறவர்களை எல்லோரும் நாள்தோறும் காண்கிறார்கள். பின்னால் வருபவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீதிகள் கிடங்கும் பள்ளமுமாக இருந்த காலத்தில் எவரும் வேகமாக ஓடவில்லை. பின்னால் வரும் வாகனம் ஆடி அசைந்து வரும் சத்தம் அரைக் கட்டை தூரத்திலேயே கேட்கும். யுத்தம் முடிந்த பின்னர் ஏ-9 வீதிக்கும், பிறகு முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதிகளுக்கும் காபெற் போட்டார்கள். அதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மை பெரியது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்பதை இங்கு இருப்பவர்கள்தான் அறிவார்கள். ஆனால் மழமழப்பான வீதியில் வாகனம் சத்தமில்லாமல் வருகிறது, வேகமாகவும் வருகிறது. காதால் அறிந்துகொண்டிருந்ததை இனிக் கண்ணால் அறிய வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் செல் வெடித்த சத்தத்தில் ஒரு பக்கக் காது போனவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹோன் அடித்தாலும் எந்தப் பக்கம் என்று தெரியாது. நாட்டில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களாக இருக்க, இந்தப் பழக்கத்தை எவரும் முறையாகக் கற்பிக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

நாங்கள் போனது அறுவடைக் காலம் என்பது நல்லதாயிற்று. காலபோக நெல்லை வெட்டியவர்கள் தார் வீதியின் ஒரு பக்கத்தில் படங்கு விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். இடப்பக்க ஓரமாக ஓடிக்கொண்டிருப்பவர் நெல் வந்ததும் வலப்பக்கம் வெட்டி விலக வேண்டும். நெல் முடிந்ததும் திரும்ப இடப்பக்கம் வர வேண்டும். சந்தியில் திரும்புவதை மட்டும் திரும்புதல் என்று நினைத்திருந்த எனக்கு, நான்காம் நாள் அந்த ஒரு கிலோமீற்றர் தூரத்தில் எத்தனை தடவை திசை மாற்றுகிறேன் என்பது தெரிந்தது. நெல், வெட்டிப் போட்ட மரக் கொப்பு, நிறுத்தி வைத்த லாண்ட்மாஸ்டர், படுத்திருக்கும் மாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலகல், ஒவ்வொரு விலகலுக்கும் ஒரு பார்வை. ஐயா பின்னால் தனது சைக்கிளில் வந்து, நான் பார்க்காமல் விலகிய ஒவ்வொரு தடவையும் ஒரு ஹோன் அடித்தார். போகும்போது ஒன்பது ஹோன், வரும்போது இரண்டு.

பின்னால் பார்க்கக் கூடாத நேரத்தையும் அவர் கற்பிக்கிறார். எனது அபிப்பிராயத்தில் முழுப் பயிற்சியிலும் சிறந்த பகுதி இதுதான். முன்னால் வீதி தெளிவில்லாதபோது, அதாவது மாட்டுப் பட்டி குறுக்கே வருகிறபோது, கிறவலில் கிடங்கு இருக்கிறபோது, முன்னால் போகும் பஸ் பிறேக் போடுகிறபோது, தலையைத் திருப்பவே கூடாது. முதலில் வேகத்தைக் குறைத்து முன்பக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்குள் திரும்ப வேண்டிய ஒழுங்கை கடந்துவிட்டால், கடந்து போக வேண்டும். “ஒழுங்கை ஓடாது, அடுத்த இடத்தில நிப்பாட்டித் திரும்பி வாங்கோ” என்றார். கேட்கும்போது சாதாரண வார்த்தை. ஆனால் எங்கள் வீதிகளில் கடைசிக் கணத்தில் வெட்டித் திரும்புகிறவர்களில் அநேகர், ஒழுங்கையைத் தவறவிடக் கூடாது என்ற ஒரே அவசரத்தில்தான் அப்படித் திரும்புகிறார்கள். நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

எங்களுடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா ஸ்கூட்டியில் வந்திருந்தார். கழுத்தின் வலப்பக்கத்தில் செல் துண்டு பட்ட காயம். தலை வலப்பக்கம் கால்வாசிக்கு மேல் திரும்பாது. முதல் நாள் வாளி விளையாட்டு முடிந்ததும், இது தனக்குச் சரிவராது என்று சொல்லி அவர் போகப் புறப்பட்டார். ஐயா அவரை மறித்து, மற்றவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு வேறு முறை காட்டினார். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நடுவீதிக்குப் போகாமல், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்க ஓரத்தில் ஒதுங்கி நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதே ஸ்கூட்டியின் முன்பக்கத்தை வீதிக்குச் சரிவாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி நின்றால் கழுத்தை அதிகம் திருப்பாமலே வீதி இரண்டு பக்கமும் கண்ணுக்கு அகப்படும். “கழுத்துத் திரும்பாட்டி ஸ்கூட்டியைத் திருப்பி வையுங்கோ, தங்கச்சி” என்றார். அந்த அக்கா அதைப் பத்துத் தடவை செய்து பார்த்தார். நான்காம் நாள் பிரதான வீதியில், எங்கள் எல்லோருக்கும் பின்னால் நின்று, அவசரமில்லாமல், ஒரு லொறியையும் இரண்டு ஓட்டோவையும் போகவிட்டுக் கடந்து வந்தார். இவரைப் போன்றவர்களை மனதில் வைத்து இந்த மண்ணில் ஒருவர் பயிற்சி கொடுக்கிறார் என்பதற்காகவே இந்த மதிப்புரையை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

தலைக்கவசம் பற்றியும் ஒரு சோதனை செய்தார். முழுமுகக் கவசம் போட்டால் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது என்பது பொதுவான நம்பிக்கை. ஐரோப்பாவில் கடைப்பிடிக்கப்படும் ஐக்கிய நாடுகள் விதி 22 இன்படி, கவசம் நேர்ப் பார்வையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 105 பாகை பார்க்க இடம்விட வேண்டும். அந்தத் தரத்தில் செய்த கவசம் கண்ணை மறைப்பதில்லை. மறைப்பது அளவு பிழைத்த கவசமும் கீறல் விழுந்த முன் கண்ணாடியும். ஐயா எனது கவசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பச் சொன்னார். தலை உள்ளே திரும்பியது, கவசம் நின்ற இடத்தில் நின்றது. வலக் கண்ணுக்கு முன்னால் பஞ்சு உறைதான் தெரிந்தது. எனது அளவுக்கு ஒரு எண் பெரிய கவசத்தை இத்தனை காலம் போட்டு ஓடியிருக்கிறேன். அடுத்த நாளே மாற்றினேன். மழைக் கோட்டின் தொப்பியைக் கவசத்துக்கு மேலால் போட்டு இழுத்துக் கட்டுபவர்களுக்கும் இதே நிலைதான் என்று சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவதும் முக்கியமானதும், இடப்பக்கப் பார்வைக்கு அவர் அரை மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை. வலப்பக்கம் திரும்பும்போதுதான் ஆள் சாகிறது என்பது அவரது வாதம். அது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் காலை ஏழு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில், துவிச்சக்கர வண்டிகளில், இரண்டிரண்டு பேராக வீதியின் இடப்பக்க ஓரத்தில் போகும் ஊர் எங்களது. இடப்பக்கம் திரும்பும் ஒருவர் வேகத்தைக் குறைத்ததும் அந்தப் பிள்ளைகள் அவருக்கு உள்பக்கத்தால் வந்துவிடுகிறார்கள். இடத் தோளுக்கு மேலாகப் பார்க்காவிட்டால் தெரியாது. இதனை நான் அவரிடமே சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார். நான்கு நாள் ஐந்து நாளானாலும் பரவாயில்லை, இந்தப் பகுதியைச் சேர்க்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

இரவுப் பயிற்சி இல்லை. இருட்டில் கண்ணாடியில் தெரிவது ஒரு வெளிச்சப் புள்ளி மட்டுமே. அது எவ்வளவு தூரம், ஒற்றை விளக்கா, ஒரு விளக்கு எரியாத டிப்பரா என்பதைப் பகலில் பழகியவர் எப்படி அறிவார்? பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு பார்ப்பதற்கும் பயிற்சி போதவில்லை. மனைவியும் பிள்ளையும் பின்னால் இருக்கும்போது, மனைவியின் தோளும் பிள்ளையின் புத்தகப் பையும் பார்வையை மறைக்கின்றன. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நாள்தோறும் ஓடுகிறோம். எனது கேள்விக்கு, பின்னால் இருப்பவரை இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கச் சொல்லலாம் என்ற ஒரு பதிலோடு முடித்துவிட்டார். பயிற்சி நடக்கும் இடத்தில் கழிப்பறை இல்லை. பெண்கள் அயல் வீடொன்றைக் கேட்டுப் போக வேண்டியிருந்தது, அந்த வீட்டார் நல்லவர்கள் என்பதனால் குறை பெரிதாகத் தெரியவில்லை. வேலை நாட்களில் காலை மட்டும் நடப்பதனால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் நான்கு நாள் சம்பளத்தை இழந்தே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடத்தினால் இன்னும் பலர் வருவார்கள்.

ஐயாவின் பேச்சு கடினமானது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிக் காணவில்லை. பிழை விட்டவரை மற்றவர்களுக்கு முன்னால் அவர் ஏசவில்லை. திரும்பச் செய்யச் சொன்னார், அவ்வளவுதான். ஆறு பேருக்கு மேல் ஒரு தொகுதியில் சேர்ப்பதில்லை என்பதும் பிடித்திருந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார் இரண்டு பேர் எங்களுடன் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தனது மகனுக்குத் தினமும் வீட்டுப் படலையில் அந்த விரல் எண்ணும் விளையாட்டைக் காட்டுவதாகச் சொன்னார்.

பயிற்சி முடிந்து ஆறு மாதமாகிறது. தலை தானாகத் திரும்பத் தொடங்க ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு தடவையும் நினைத்து நினைத்துத்தான் செய்தேன். இந்த ஆறு மாதத்தில் இரண்டு தடவை அந்தக் கடைசிப் பார்வை என்னைத் திரும்பவிடாமல் நிறுத்தியிருக்கிறது. ஒன்று, எங்கள் ஒழுங்கைக்கு முன்னால், கண்ணாடியில் தெரியாத ஒரு வான். மற்றது இடப்பக்கம், தருமபுரத்தில் ஒரு கடைக்குத் திரும்பும்போது, முன் கூடையில் இரண்டு றாத்தல் பாணும் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு சின்னப் பெண். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தன் பாட்டுக்குப் போய்விட்டாள்.

கட்டணம் நான்கு நாட்களுக்கும் சேர்த்து 5,500 ரூபாய். எரிபொருள் உங்களுடையது, சொந்த மோட்டார் சைக்கிளையும் இரண்டு கண்ணாடியையும் அளவான தலைக்கவசத்தையும் கொண்டு போக வேண்டும். காலை ஆறேகாலுக்கு வரச் சொன்னால் ஆறேகாலுக்கே தொடங்குவார். மாரி தொடங்கினால் கிறவல் சேறாகிவிடும் என்பதனால் ஐப்பசி முதல் தை வரை நடத்துவதில்லை. அடுத்த தொகுதி மாசியில். எனது மனைவியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பால்காரருக்கும் சொன்னேன். கட்டணத்தில் பாதியை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். காலைப் பால் எடுத்து முடிய எட்டு மணியாகும், ஐயா நேரம் மாற்றித் தருவாரா என்று கேட்டுச் சொல்லும்படி சொன்னார்.